ஒரு பந்தைக்கூட விடாத கோச்

ஒரு கோச்சைப் பத்தி உசத்தியாச் சொல்லணும்னா நம்ம ஆளுங்க ஒரு வசனம் வெச்சிருக்காங்க. "ரொம்ப ஸ்ட்ரிக்ட்டுங்க. பெர்ஃபெக்‌ஷனிஸ்ட். பையன் ஒரு பந்தை வெளிய அடிச்சாக்கூட விடமாட்டார்." சொல்றப்ப முகத்துல ஒரு பெருமை வேற! எனக்கு இதைக் கேட்டாலே பத்திக்கிட்டு வரும். கபடி, நீச்சல், கிரிக்கெட்டுக்கெல்லாம் இந்த வசனம் பொருந்துமான்னு தெரியாது (அது வேற பஞ்சாயத்து). டென்னிஸுக்கு மட்டும் சுத்தமாப் பொருந்தாது. ஏன்னு சொல்றேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும், டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

விருத்தாசலத்துல உட்கார்ந்துக்கிட்டு டென்னிஸ் என்ன டென்னிஸ்னு கேப்பீங்க. ஆனா இந்த விஷயம் பீங்கான் ஊர்க்காரங்களுக்குத்தான் சட்டுனு பிடிபடும். சூளையில இருந்து இறங்கற சாமானை எப்படிப் பார்ப்பாங்கன்னு யோசிங்க. ஃப்யூஸ் கேரியரோ இன்சுலேட்டரோ, கையில எடுத்து லேசாத் தட்டுவாங்க. டிங்குன்னு தெளிவாக் கேட்டா நல்ல சரக்கு. டொக்குன்னு மந்தமா வந்தா உள்ள எங்கயோ மயிரிழை விரிசல் இருக்கு. கண்ணுக்குத் தெரியாட்டியும் ஓரமாப் போட வேண்டியதுதான், கரண்ட் பாயற சாமான்ல இரக்கம் பார்க்க முடியாது. அங்க "குறையே இருக்கக் கூடாது"ங்கறது முழுக்க நியாயம். சாமான் செஞ்சு முடிஞ்சாச்சு. நம்ம முன்னாடி அசையாம இருக்கு. திருப்பித் திருப்பிப் பார்க்கலாம், வேணாம்னா ஒதுக்கலாம், ஒதுக்கின சாமான் அடுத்த சாமானைக் கெடுக்காது. டென்னிஸ்ல இந்த மூணுமே கிடையாது. வெளிய போன பந்தை ஒதுக்கி வைக்க ஒரு மூலை இல்ல. அதை அடிச்ச அதே கைதான் 25 செகண்டுக்குள்ள அடுத்த சர்வைப் போடணும். போன பந்துக்குத் திட்டு விழும்ங்கற பயம் அந்தக் கையிலதான் இருக்கும். ஆக, பொருளுக்குச் செய்யற சோதனையை ஆளுக்குச் செய்யற கோச், தரத்தை உயர்த்தறதா நினைச்சுக்கிட்டு விரிசலை அவரே போட்டுட்டு இருக்கார்.

முதல்ல கணக்கைப் பார்ப்போம். 2024 ஜூன்ல ரோஜர் ஃபெடரர் அமெரிக்காவுல டார்ட்மவுத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவுல பேசினார். தான் ஆடின 1,526 ஒற்றையர் ஆட்டங்கள்ல கிட்டத்தட்ட 80 சதவீதம் ஜெயிச்சதாச் சொன்னவர், அதுல பாயின்ட் கணக்கு மட்டும் பார்த்தா வெறும் 54 சதவீதம்தான்னு சொன்னார். அதாவது உலகத்துலயே அழகா டென்னிஸ் ஆடினவர்னு பேர் வாங்கின மனுஷன், ஆடின பாயின்ட்ல பாதிக்குக் கொஞ்சம் கீழ தோத்திருக்கார். இந்த விளையாட்டோட அமைப்பே அப்படி. செட்டை 6-4ன்னு ஜெயிச்சவன் அந்த நாலு கேமைத் தாராளமா விட்டுக் கொடுத்திருப்பான், ஜெயிச்ச ஆறு கேமுக்குள்ளயும் பாயின்ட்டுகளைச் சிந்தியிருப்பான். சில நேரம் மொத்தப் பாயின்ட்டுல பின்தங்கினவனே மேட்சை ஜெயிச்சுட்டுப் போவான். இப்படிப்பட்ட விளையாட்டுல "ஒரு பந்தைக்கூட விடாதே"ன்னு சொல்றது, நடக்கவே நடக்காத ஒண்ணை வேலையாக் கொடுக்கறது. நடக்காத வேலையைக் கொடுத்தா தினமும் தோத்துப் போன மாதிரியேதான் பிள்ளை வீட்டுக்கு வரும், ஜெயிச்ச நாள்லகூட.

அடுத்தது, டென்னிஸுக்கே உரிய ஒரு விசித்திரம். குத்துச்சண்டையில ரவுண்டுக்கு ரவுண்டு கோச் மூலையில தண்ணி கொடுத்துக்கிட்டே பேசுவார். கால்பந்துல கோட்டு ஓரமா நின்னு கத்துவார். டென்னிஸ்ல ரொம்ப காலமா, கிராண்ட் ஸ்லாம் மேட்ச் நடக்கறப்ப கோச் வாயைத் திறக்கறதே குற்றம். 2018 யூ.எஸ். ஓபன் ஃபைனல் ஞாபகம் இருக்கும். செரீனா வில்லியம்ஸோட கோச் பாட்ரிக் மொராட்டக்ளு காலரியில இருந்து சைகை காட்டினதுக்கு நடுவர் எச்சரிக்கை கொடுக்க, அங்க ஆரம்பிச்ச சண்டை உலகமே பார்க்கற மாதிரி முடிஞ்சது. (ஆமா, சொல்லிக் கொடுத்தேன்னு கோச்சே அப்புறம் ஒத்துக்கிட்டார்.) 2022ல சோதனையா விதியைத் தளர்த்தி, 2025 ஜனவரியில இருந்துதான் உலக டென்னிஸ் கூட்டமைப்போட விதியிலயே காலரியில இருந்து பேசறதுக்கு முறையான அனுமதி வந்திருக்கு. அப்பவும் பாயின்ட்டுக்குப் பாயின்ட் நடுவுல ரெண்டு வார்த்தை, அவ்வளவுதான். மத்த நேரமெல்லாம் அந்தக் கோர்ட்டுல பிள்ளை ஒண்டி. ஒண்டியா நிக்கறப்ப கூட இருக்கறது கோச்சோட குரல்தான். வெளிய இருந்து வர்ற குரல் இல்ல, பிராக்டிஸ்ல கேட்டுக் கேட்டு மண்டைக்குள்ள குடியேறிப் போன குரல். அதனால டென்னிஸ் கோச்சோட நிஜமான வேலை என்னன்னா, தான் இல்லாத இடத்துல தன் குரல் என்ன பேசணும்னு முடிவு பண்றது. ஜூனியர் டோர்னமென்ட் எதையாவது போய்ப் பாருங்க. டபுள் ஃபால்ட் போட்ட உடனே பிள்ளையோட கண்ணு எங்க போகுதுன்னு மட்டும் கவனிங்க. சில பிள்ளைங்க ராக்கெட் நரம்பைப் பார்க்கும், சிலது பந்தைத் தேடும். சிலது நேரா வேலியைப் பார்க்கும். வேலிக்கு அந்தப் பக்கம் கோச்சோ அப்பாவோ கையைக் கட்டிக்கிட்டு நிப்பாங்க. அந்த ஒரு பார்வை போதும், மண்டைக்குள்ள எந்தக் குரல் ஓடுதுன்னு தெரிஞ்சுடும்.

இப்ப நீங்க சண்டைக்கு வருவீங்க. "அப்ப பெர்ஃபெக்‌ஷன் வேணாம்ங்கறியா? உயரமா இலக்கு வைக்காதவன் எந்த விளையாட்டுல ஜெயிச்சான்?" சரியான கேள்வி. ஆனா இதுல ரெண்டு சாமானை ஒரே மூட்டையில கட்டிட்டோம். ஒண்ணு, உசந்த அளவுகோல். இன்னொண்ணு, அதைத் தொடாதப்ப விழற அடி. மனநல ஆய்வாளர்கள் இந்த மூட்டையை எப்பவோ பிரிச்சுட்டாங்க. 1990ல ராண்டி ஃப்ராஸ்ட் குழு உருவாக்கின அளவீட்டுல, ஒருத்தர் தனக்குன்னு வெச்சுக்கற தரம் ஒரு தலைப்பு, தப்புப் பண்ணிடுவோமோங்கற கவலை வேற தலைப்பு, பெத்தவங்க எதிர்பார்ப்பு வேற, பெத்தவங்க குறை சொல்றது வேற. 1991ல பால் ஹ்யூவிட்டும் கார்டன் ஃப்ளெட்டும் இன்னொரு விதமாப் பிரிச்சாங்க: நானே என்கிட்ட எதிர்பார்க்கறது, நான் அடுத்தவன்கிட்ட எதிர்பார்க்கறது, ஊர் என்கிட்ட எதிர்பார்க்குதுன்னு நான் நம்பறது. முதல் ரகம் சில பேரை நல்லாவே ஓட வைக்கும். கடைசி ரகம்தான் ஆளைத் தின்னுடும். "பந்தை விடமாட்டார்"னு நாம மெச்சற கோச், முதல் ரகத்தை வளர்க்கறதா நினைச்சுக்கிட்டு மூணாவது ரகத்துக்குத் தண்ணி ஊத்திட்டு இருப்பார்.

டென்னிஸ் பிள்ளைங்களை வெச்சே ஒரு ஆய்வு இருக்கு. டேனியல் கூல்டும் கூட்டாளிகளும் 1996ல வெளியிட்டது. விளையாட்டு கசந்து, சலிச்சு, எரிஞ்சு போன அமெரிக்க ஜூனியர்கள் 30 பேரை எடுத்து, அப்படி ஆகாத 32 பேரோட ஒப்பிட்டுப் பார்த்தாங்க. பெர்ஃபெக்‌ஷனிஸம் அளவீடுகள்ல ரெண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இருந்துச்சு, அது எதிர்பார்த்ததுதான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது வேற ரெண்டு விஷயம். எரிஞ்சு போன பிள்ளைங்க மத்தவங்களைவிடக் குறைவான நாள்தான் பிராக்டிஸ் பண்ணாங்க. அப்புறம், தங்களோட பயிற்சியைத் தீர்மானிக்கறதுல அவங்க பேச்சு குறைவாத்தான் எடுபட்டிருந்துச்சு. (சலிச்சுப் போனதாலதான் பிராக்டிஸ் குறைஞ்சிருக்கும்னு நீங்க மடக்கலாம். மடக்குங்க, நியாயம்தான். ஆனா "ஓவரா உழைச்சதாலதான் எரிஞ்சாங்க"ங்கற நம்ம வழக்கமான விளக்கத்துக்கும் அங்க ஆதாரம் இல்லையே.) பிள்ளையைத் தேய்க்கறது மணிக்கணக்கு இல்ல, அந்த மணிக்கணக்குல தன் வாய்க்கு மதிப்பே இல்லைங்கறதுதான்னு நான் எடுத்துக்கறேன்.

நம்ம ஊர் ஆதாரத்துக்கு வருவோம். தமிழ்நாட்டு டென்னிஸ்னா அது ஒரு குடும்பத்துல அப்பா-கோச், பிள்ளை-பிளேயர்னு ரெண்டு தலைமுறை ஓடின கதை. டி.கே. ராமநாதன் மகனுக்குச் சொல்லிக் கொடுத்தார். மகன் ராமநாதன் கிருஷ்ணன் 1954ல விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வாங்கினார், ஆசியாவுல இருந்து முதல் ஆள். அவர் தன் மகன் ரமேஷுக்குச் சொல்லிக் கொடுக்க, சரியா 25 வருஷம் கழிச்சு 1979ல ரமேஷ் கிருஷ்ணன் அதே பட்டத்தை வாங்கினார், அதே வருஷம் ஃப்ரெஞ்ச் ஜூனியரும் சேர்த்து. ரெண்டு பேர் ஆட்டத்தைப் பத்தியும் எழுதினவங்க பெரும்பாலும் ஒரே மாதிரி ரெண்டு விஷயம் எழுதியிருக்காங்க. பந்தைத் தொடற பதம் அபாரம். சர்வ் சுமார். பெர்ஃபெக்‌ஷனிஸ்ட் கோச் கையில இந்த ஆட்டம் கிடைச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்? முதல் வேலையா அந்தச் சர்வைப் பிடிச்சுத் தொங்கியிருப்பார். காலையில சர்வ், சாயங்காலம் சர்வ், ராத்திரி சாப்பாட்டுல சர்வ். கண்ணுல படற ஓட்டையை அடைக்கறதுலயே வருஷம் ஓடிப்போய், அந்தப் பதம் இருக்கே, அது வளரவே இடம் கிடைச்சிருக்காது. இந்தக் குடும்பத்து ஆட்டத்துல குறை குறையாவே இருந்துச்சு, பலம் மட்டும் மலையா வளர்ந்துச்சு. அப்பாவுக்கு 1960லயும் 1961லயும் விம்பிள்டன் அரையிறுதி. மகனுக்கு 1981லயும் 1987லயும் யூ.எஸ். ஓபன் காலிறுதி, நடுவுல 1986ல விம்பிள்டன் காலிறுதி. 1989 ஆஸ்திரேலிய ஓபன் ரெண்டாவது சுற்றுல, அப்ப உலகத்துல முதலிடத்துல இருந்த மாட்ஸ் விலாண்டரை மூணே செட்டுல ரமேஷ் வீட்டுக்கு அனுப்பினதும் அதே மெத்துனு சர்வை வெச்சுக்கிட்டுத்தான்.

"அப்பா கிருஷ்ணனுக்கு அந்தச் சர்வ் நல்லா இருந்திருந்தா விம்பிள்டனே ஜெயிச்சிருப்பாரே?" இதைக் கேக்காம விடமாட்டீங்கன்னு தெரியும். 1960ல நீல் ஃப்ரேசர், 1961ல ராட் லேவர். கிருஷ்ணன் அரையிறுதியில தோத்தது இந்த ரெண்டு பேர்கிட்ட, ரெண்டு பேருமே அந்தந்த வருஷக் கோப்பையைத் தூக்கினவங்க. கூடுதலா ஒரு பலமான சர்வ் இருந்திருந்தா கதை மாறியிருக்கலாம்னு வாதாட இடம் இருக்கு, நான் மறுக்கலை. ஆனா இந்த வாதம் ஒரு விஷயத்தை இலவசமா எடுத்துக்குது: சர்வைச் சரிபண்ணிட்டு, மத்ததெல்லாம் அப்படியே இருந்திருக்கும்னு. ஒரு ஷாட்டைத் திருத்தறதுக்கு நேரம் செலவாகும், நம்பிக்கையும் செலவாகும். எதைத் திருத்தணும், எதை இப்படியே விட்டுட்டு மேல போகணும்ங்கறதுதான் கோச்சோட புத்திசாலித்தனம். எல்லாத்தையும் திருத்தணும்னு நினைக்கறவருக்கு அந்தப் புத்தி தேவையே இல்ல, பட்டியல் மட்டும் போதும். லியாண்டர் பயஸையும் எடுத்துக்குங்க, அவர் பேக்ஹேண்டை எந்தப் பாடப் புத்தகத்துலயும் படமாப் போட மாட்டாங்க. 1985ல சென்னையில ஆரம்பிச்ச பிரிட்டானியா அமிர்தராஜ் டென்னிஸ் திட்டத்துல வளர்ந்து, 1990ல விம்பிள்டன் ஜூனியர், 1996ல அட்லாண்டா ஒலிம்பிக்ஸ் வெண்கலம். அந்த வெண்கல மேட்ச்ல முதல் செட்டைத் தோத்துட்டு, வலிக்கற மணிக்கட்டோட திரும்பி வந்து ஜெயிச்சார்.

திரும்பி வர்றதுன்னதும் 1966 டிசம்பர் கல்கத்தாவைச் சொல்லாம இருக்க முடியலை. டேவிஸ் கோப்பை, எதிர்ல பிரேசில், ஜெயிச்சா இந்தியா முதல் தடவையா ஃபைனல். ரெண்டு பக்கமும் 2-2. கடைசி மேட்ச்ல கிருஷ்ணனும் தாமஸ் காக்கும். காக் ரெண்டு செட்டுக்கு ஒண்ணுன்னு முன்னாடி, நாலாவது செட்டுலயும் 5-2. அந்த இடத்துல ஒருத்தன் கணக்குப் பார்க்க ஆரம்பிச்சான்னா தொலைஞ்சான். அது வரைக்கும் எத்தனை பந்து வீணாப் போச்சு, யார் என்ன சொல்லுவாங்க, நாளைக்குப் பேப்பர்ல என்ன வரும்னு. கிருஷ்ணன் அந்த செட்டை 7-5ன்னு எடுத்தார், அஞ்சாவதை 6-2ன்னு முடிச்சார். இதைத் தப்பே பண்ணாத மனுஷனோட ஆட்டம்னு சொல்ல முடியாது, அப்படி இருந்திருந்தா 2-5க்கே போயிருக்க மாட்டார். தப்புக்கு அப்புறமும் கை நடுங்காத ஆட்டம். பிராக்டிஸ்ல வளர்க்க வேண்டிய குணம் இதுதான், கொம்பைத் தூக்கிக்கிட்டு நிக்கற கோச்கிட்ட இது வளராது.

ஒரே ஆளு, ரெண்டு கோச். அதைவிடத் தெளிவான ஆதாரம் கிடைக்காது. ஆண்ட்ரே அகாஸியோட அப்பா பந்து வீசற மெஷினை வீட்டுலயே வெச்சு மகனை ஆயிரக்கணக்குல அடிக்க வெச்சவர். அந்தப் பையன் பெரிய ஆளாத்தான் வந்தான், ஆனா டென்னிஸையே வெறுத்தேன்னு 2009ல சுயசரிதையில எழுதினான். 1994ல பிராட் கில்பர்ட் கோச்சா வந்தார். கில்பர்ட் ஆடினது பார்க்கச் சகிக்காத ஆட்டம், அதை வெச்சே உலகத்துல 4ஆம் இடம் வரைக்கும் போனவர். அவர் அகாஸிகிட்ட சொன்னதோட சாரம் இவ்வளவுதான்: ஒவ்வொரு பந்தையும் அற்புதமா அடிக்கணும்னு அலையறதை விடு, எதிராளியைவிடக் கொஞ்சம் நல்லா ஆடினாப் போதும். அந்த வருஷ யூ.எஸ். ஓபன்ல தரவரிசைச் சலுகையே இல்லாம நுழைஞ்ச அகாஸி கோப்பையோட வெளிய வந்தார். கை அதே கை. மண்டைக்குள்ள குரல் மாறிடுச்சு.

"அப்ப தட்டிக் கொடுத்துக்கிட்டே இருக்கற கோச்தான் நல்ல கோச்சா? டோனி நடால் தன் சகோதரர் மகன் ரஃபேலை எப்படி வறுத்தெடுத்தார் தெரியுமா?" தெரியும். கண்டிப்பு வேணாம்னு நான் எங்கயும் சொல்லலையே. எதுக்குக் கண்டிப்புங்கறதுதான் பேச்சு. மோசமான பந்து, மோசமான கோர்ட்டுல ஆட வெச்சு, புகார் சொல்லாதேன்னு பழக்கினவர் டோனி. ரஃபேல் நடால் தோல்வியில ராக்கெட்டை உடைச்சு யாரும் பார்த்ததில்ல. அவர் தண்டிச்சது தப்பான பந்தை இல்ல, தப்பான பந்துக்கு அப்புறம் வர்ற சிணுங்கலை. இன்னொரு உதாரணம் சிமோனா ஹாலெப். 2017 மார்ச்ல மயாமியில ஜோஹன்னா கான்டாகிட்ட தோத்தப்ப, கோச் டேரன் காஹில் பிரிஞ்சு போயிட்டார். தோத்ததுக்காக இல்ல. கோர்ட்டுல தன்னைத்தானே கிழிச்சுப் போட்டுக்கற அந்தப் பழக்கத்துக்காக. அவங்க அதுல வேலை பார்த்தாங்க, சில வாரத்துல அவர் திரும்பி வந்தார், அதே வருஷம் அக்டோபர்ல உலகத்துல முதலிடம், 2018ல ஃப்ரெஞ்ச் ஓபன். (பின்னாடி வந்த ஊக்கமருந்து வழக்கு தனிக் கதை, அப்ப காஹில் கூட இல்ல.) கோச்சே எழுந்து போறதைவிடக் கடுமையான கண்டிப்பு என்ன இருக்கு? அதைக்கூடப் பிளேயரைக் காப்பாத்தற பக்கமாச் செய்ய முடிஞ்சிருக்கு.

கடைசியா ஒரு ஆட்சேபம், இதுக்குத்தான் எனக்கு உண்மையான மரியாதை. "சின்ன ஊர்க்காரங்களுக்கு இதெல்லாம் கட்டுப்படியாகாதுங்க. டோர்னமென்ட்டுக்குச் சென்னை போய்வர, தங்க, ராக்கெட், நரம்பு, ஷூன்னு எல்லாம் வீட்டுக் காசு. முதல் சுற்றுலயே தோத்தா அத்தனையும் போச்சு. இங்க தப்புக்கு நிஜமாவே விலை இருக்கு, அதைப் பிள்ளை உணரத்தானே வேணும்?" விலை இருக்குங்கறது உண்மை. டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜோட அம்மா மேகி அட்டைப்பெட்டித் தொழிற்சாலை நடத்தித்தான் மூணு பிள்ளைகளையும் ஆட வெச்சாங்க. விஜய் சின்ன வயசுல நுரையீரல் கோளாறால ஆஸ்பத்திரியும் வீடுமா இருந்த பிள்ளை. அந்த வயசுல அவரைத் தட்டிப் பார்த்துத் தரம் பிரிச்சிருந்தா முதல் நாளே ஓரமாப் போட்டிருப்பாங்க. 1973ல 19 வயசுல விம்பிள்டன் காலிறுதி, யூ.எஸ். ஓபன் காலிறுதி ரெண்டும். கஷ்டப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு அப்பா அம்மா படற பாடு தெரியாம இருக்காது. நாம சொல்லித்தான் உணரணும்னு இல்ல, பஸ் டிக்கெட் எடுக்கறப்பவே உணர்ந்துடும். அந்தச் சுமை மேல கோச் இன்னொரு சுமையை ஏத்தினா, பிள்ளை பந்தைப் பாதுகாப்பா நடுக்கோர்ட்டுல தள்ளக் கத்துக்கும், ரிஸ்க் எடுக்காது. நடுக்கோர்ட்டுல தள்ளறவனை 14 வயசுக்கு மேல எல்லாரும் பந்தாடுவாங்க. பணம் குறைவா இருக்கற வீட்டுக்குத்தான் இந்த விஷயத்துல புத்தியா இருக்கற கோச் ரொம்ப அவசியம்.

அதனால பிள்ளையைச் சேர்க்கப் போறவங்களுக்கு என் யோசனை இது. எத்தனை பேரை ஸ்டேட் லெவலுக்கு அனுப்பியிருக்கீங்கன்னு கேக்காதீங்க, அந்தக் கணக்குல விட்டுட்டுப் போன பிள்ளைங்க வர மாட்டாங்க. அடுத்த மூணு மாசத்துக்கு இந்தப் பிள்ளை ஆட்டத்துல எதைத் திருத்தப் போறீங்க, எதை இப்போதைக்கு அப்படியே விடப் போறீங்கன்னு கேளுங்க. "எல்லாத்தையும்"னு பதில் வந்தா, கும்பிட்டுட்டு வந்துடுங்க. அப்புறம் ஒரு மாசம் கழிச்சுப் பிள்ளைகிட்ட ஒரே ஒரு கேள்வி: தோத்த மேட்சுக்கு அப்புறம் கோச் முதல்ல பேசினாரா, இல்ல உன்னைப் பேச விட்டாரா? பிள்ளை பதிலை யோசிச்சுத் தேடினா, ஃபீஸை அடுத்த மாசத்துக்குக் கட்டாதீங்க.